தள்ளி நில்லுங்கம்மா

"தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு நிக்குது."

ஜன்னலோர நாற்காலியில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். கூடம் நிரம்பி வழிந்தது. காலியாக இருந்தது அவனுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். அதிலும் அவன் பை.

"இங்க வேண்டாங்க. அந்தக் கோடியில யாரையாவது எந்திரிக்கச் சொல்லுங்க."

கேட்டவள் அந்தக் கர்ப்பிணியின் நாத்தனார். கணவனின் அக்கா. வாய்க்குப் பஞ்சமில்லாதவள்.

"ஏன், பைக்குக் கால் வலிக்குமோ?"

அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாரேன் கூத்தை! நாம நாறுறோமாம்!"

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்து காத்திருந்த அத்தனை பேரும் அவனை முறைத்தார்கள். "இன்னும் விமானமே ஏறல, அதுக்குள்ள கால் தரையில படல," என்றார் ஒரு பெரியவர். கோடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

"விடுங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுக் கர்ப்பிணி மெல்ல உட்கார்ந்தாள். ஏழாம் மாதம். உட்கார்ந்ததும் கண் சொக்கியது.

"முப்பத்தொண்ணு... முப்பத்திரெண்டு..."

எண்கள் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டன. மின்விசிறிக் காற்றில் சுவரில் ஒட்டியிருந்த காகிதங்கள் சிறகடித்தன. வயிற்றுக்குள் குழந்தை சோம்பலாக ஒரு புரள் புரண்டது, குளத்து மீன் திரும்புகிற மாதிரி.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கணவன் நின்றான். இரண்டாம் மாதத்தில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனவன். வளர்ந்த வயிற்றைப் போனில் மட்டும் பார்த்தவன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவளும் நடக்கிறாள், நடக்கிறாள், தரை பஞ்சு மாதிரி அமுங்குகிறது, கதவு மட்டும் கிட்டே வரவே மாட்டேன் என்கிறது.

"முப்பத்தெட்டு!"

"உன்னைத்தான் கூப்பிடறாங்க, எந்திரி," என்று நாத்தனார் தோளைத் தொட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசினார். "ரத்தம், பிரஷர் எல்லாம் நல்லா இருக்கு. நெஞ்சு எக்ஸ்ரேதான் பாக்கி. குழந்தை பிறந்த பிறகு எடுத்துக்கறேன்னா எடுத்துக்கலாம். விசாவும் அதுவரைக்கும் தள்ளிப் போகும். இப்பவே எடுக்கணும்னா வயித்தைச் சுத்திக் கவசம் கட்டி ஒரே ஒரு படம் எடுப்போம். குழந்தைகிட்ட போய்ச் சேர்ற கதிர் ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா முடிவு உங்களோடது."

"இன்னும் சில வாரம் போனா விமானத்துல ஏத்த மாட்டாங்களே, டாக்டர்."

"ஆமா."

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"குழந்தையை முதல் முதல்ல வாங்கிக்கறது அவர் கையா இருக்கணும், டாக்டர்."

ஒப்புதல் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

எக்ஸ்ரே அறை அரையிருட்டாகவும் சில்லென்றும் இருந்தது. இடுப்பைச் சுற்றி ஈயக் கவசத்தைக் கட்டினார்கள். யாரோ பின்னாலிருந்து இறுக்கி அணைத்துக்கொண்டது மாதிரி ஒரு கனம்.

"மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க..."

பிடித்தாள். உள்ளே குழந்தையும் அசையாமல் நின்றது. ஒரு கணம் அம்மாவும் பிள்ளையும் தரையே இல்லாத இடத்தில் மிதந்தார்கள்.

"விடலாம்மா."

விட்டாள். உள்ளேயிருந்து சுருக்கென்று ஓர் உதை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ரசீது வாங்கக் கவுன்ட்டருக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் நின்றிருந்தது அதே ஜன்னலோர ஆசாமி. திரும்பிப் பார்த்தான். சட்டென்று இரண்டடி விலகினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா, அப்பலேருந்து பாக்கறேன், எங்களைக் கண்டாலே ஒதுங்குற? உன் வீட்லயும் பொண்டாட்டி, புள்ளைன்னு இருந்தா இப்படி நடந்துக்குவியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கவுன்ட்டரில் இருந்த நர்ஸ் ஒரு காகிதத்தோடு எழுந்தாள். அவள் முகமெல்லாம் பல்.

"உங்க ரிசல்ட் வந்தாச்சு. மூணு தடவை எடுத்த சளியிலயும் கிருமி இல்ல. எக்ஸ்ரேல தெரிஞ்ச நிழல் பழைய தழும்பாம். காசநோய் இல்லன்னு டாக்டர் எழுதிட்டாங்க. ரெண்டு மாசமா யார் மேலயும் உங்க மூச்சு படக் கூடாதுன்னு ஒதுங்கி ஒதுங்கி நின்னீங்களே, போதும்."

நாத்தனார் தலை குனிந்துகொண்டாள்.

அவன் காகிதத்தை வாங்கவே இல்லை. கண் மட்டும் நிறைந்தது.

"நிஜமாவா சிஸ்டர்?"

"நிஜம்தாங்க."

"பொண்ணு பிறந்து முப்பத்தஞ்சு நாளாச்சு. வாசப்படியில நின்னுதான் பாத்திருக்கேன். இன்னைக்குத் தூக்கிக்கலாமா?"