முருங்கன் பஸ்ஸில் ஓர் அம்மா

"பாத்தியே, இண்டைக்கும் பக்கத்து சீற்றில பையை வச்சிட்டார்," என்று ஜெனுஷாவின் விலாவில் இடித்தாள் சுதர்ஷினி.

முருங்கனிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை ஆறரை பஸ். இவர்கள் இருவரும் மன்னாரில் ஒரே கந்தோரில் வேலை. முன் சீற்றில் இருந்தவர் செபமாலை. அறுபத்தைந்து வயதிருக்கும். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, கையில் போன்.

"ஆருக்கு அக்கா இடம் பிடிக்கிறார்?"

"பொறு. உயிலங்குளம் வரட்டும்."

உயிலங்குளத்தில் ராக்கம்மா ஏறினாள். மன்னாரில் வீட்டு வேலைக்குப் போகிறவள். செபமாலை பையை எடுக்க, அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, காதில் மாட்டும் வயரை அவளிடம் நீட்டினார்.

"சாப்பிட்டியா மகன்? நான் நல்லாத்தான் இருக்கேன். நேரத்துக்குத் தூங்குய்யா," என்றாள் ராக்கம்மா.

"கேட்டியே? மகனாம்! அவவுக்குப் பிள்ளையே இல்லை. உது செபமாலையரின்ர மகன் றோய். பிரான்சில இருக்கிறவன்."

"அப்ப செபமாலையரின்ர மனிசி?"

"அவ ஒரு மாசமா மன்னார் ஆஸ்பத்திரியில கிடக்கிறா. மனிசிக்குக் கஞ்சி கொண்டு போற வழியில இவருக்குப் புதுச் சோடி. மகனுக்கும் புது அம்மா!"

சுதர்ஷினி கெட்டவள் இல்லை. அடுத்தவர் கதை என்றால் மட்டும் காது கொஞ்சம் நீண்டுவிடும். அடுத்து வந்த நாட்களில் ஓடிப்போய் ஏறி, செபமாலைக்கு நேர் பின் சீற்றைப் பிடித்தாள். காதில் விழுந்ததெல்லாம் மழையும் கோழியும் ஞாயிறு பூசையும்தான். காதல் பேச்சு ஒன்றும் அகப்படவில்லை. 'எவ்வளவு கவனமாக் கதைக்குதுகள்' என்று அதற்கும் சந்தேகப்பட்டாள்.

புதன்கிழமை உயிலங்குளத்தில் ராக்கம்மா ஏறவில்லை.

பஸ் புறப்பட்டதும் செபமாலை எழும்பி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது.

சுதர்ஷினியால் வாயை அடக்க முடியவில்லை.

"என்ன ஐயா, இண்டைக்கு அவ வரேல்லையோ?"

அந்தக் குத்தல் அவருக்கு விளங்கவே இல்லை. கண் கலங்கத் திரும்பினார்.

"பிள்ளை, எனக்கொரு உதவி செய்வீங்களோ? என்ர மகனோட ரெண்டு நிமிசம் கதைக்க வேணும். அவன்ர அம்மா மாதிரி."

"என்ன?"

"மனிசிக்குப் பாரிசவாதம். பேச்சு நிண்டு போச்சு பிள்ளை. இவனுக்கு அங்க அகதி வழக்கு நடக்குது. விசயம் தெரிஞ்சா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவான். வந்தா திரும்பிப் போகேலாது. நாலு வருசப் பாடு. வேலை முடிஞ்சு இந்த நேரம்தான் எடுக்கிறவன். பஸ் இரைச்சலில குரல் பிடிபடாது எண்டு ராக்கம்மாட்டக் கெஞ்சினனான். அவ மறுபேச்சில்லாமல் செய்தவ. முகம் காட்டாமல் இருக்க, போன் கமரா பழுது எண்டு அவனிட்டச் சொல்லி வச்சிருக்கிறன்."

சுதர்ஷினிக்கு முகம் சுட்டது. ஜெனுஷாவின் பக்கம் திரும்பவே வெட்கமாக இருந்தது.

போன் மூன்றாம் தரமும் அடித்தது. அவள் எழும்பிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எடுத்து, "இந்தா, அம்மாவோட கதை," என்று சொல்லிவிட்டு வயரை நீட்டினார். அவள் காதில் மாட்டிக்கொண்டாள்.

"மகன், சாப்பிட்டியே?" என்று கேட்டாள்.



"அன்ரி," என்றது மறுபக்கத்தில் ஒரு மெல்லிய குரல். "அப்பா பக்கத்தில இருந்தா, 'ஓம் மகன்' எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சுதர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செபமாலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மகன்."

"பெத்த தாயின்ர குரல் எனக்குத் தெரியாதே அன்ரி? அம்மாவுக்காகச் செபியுங்கோ எண்டு எங்கட கோயில் வாட்ஸ்அப் குறூப்பில முதல் நாளே போட்டவை. அப்பா அந்தக் குறூப்பில இல்லை, அவருக்குத் தெரியாது. நான் ஒண்டும் அறியாமல் சந்தோசமா இருக்கிறன் எண்டு நினைச்சுத்தான் அவர் தைரியமா நடமாடுறார். எனக்குத் தெரியும் எண்டா உடைஞ்சு போவார். அவர் அழுதா, பிறகு என்னால இங்க இருக்கேலாது."

"ஓம் மகன்."

"ஒவ்வொரு நாளும் கதைக்கிற அந்த அம்மா ஏன் வரேல்ல? சுகமில்லையோ? விசாரிச்சு வையுங்கோ அன்ரி, நாளைக்கு எடுக்கிறன்."

"ஓம்... மகன்," என்றாள்.

அவள் வயரைக் கழற்றிக் கொடுக்க, செபமாலை அவசரமாக வாங்கினார்.

"என்ன பிள்ளை, கண்டுபிடிச்சிட்டானோ?"

சுதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இல்லை ஐயா. அப்பிடியே நம்பிட்டார்."