சிவப்பு மறையும் வரை

சாக்ஸை அவளே கழற்றினாள்.

லோடு வண்டியின் கதவு திறந்திருந்தது. ஓட்டுகிற இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, இடது காலை வெளியே நீட்டியிருந்தான் தேவேந்திரன். அவன் மனைவி கோகிலா தெருவில் நின்றபடி அந்தக் காலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

ஆம்பூர் பைபாஸ் வரை ஓட்டிப் போய்த் திரும்பியிருந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அந்தக் காலில் விரல்கள் இல்லை. விரல்களை ஒட்டிய கொஞ்சம் பாதமும் இல்லை. சர்க்கரை.

"வலிக்கல கோகிலா."

அவள் காதில் வாங்கவில்லை. அவனுக்கு வலிக்காது. சர்க்கரை முதலில் கொண்டுபோனது உணர்ச்சியைத்தான். ஆணி ஏறியபோதும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னான்.

தழும்பின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. சுண்டுவிரல் நகமளவு.

கட்டைவிரலால் அழுத்தினாள். வெளுத்தது. எடுத்ததும் மறுபடி சிவந்தது.

"கொஞ்ச நேரம் பாப்போம் மாமா. தானா போயிட்டா சரி. போகலன்னா வண்டி இன்னிக்கும் இங்கயேதான்."

அவன் சரி என்று தலையாட்டினான்.

முன்பெல்லாம் அவனை யாரும் இப்படி உட்காரவைக்க முடியாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள். அவள் தைத்தால் தோலில் கோடு போட்ட மாதிரி விழும். ஆனால் காலுக்கு அடியில் வைக்கிறதெல்லாம் வேறு செக்‌ஷன். அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஷூ, நின்ற வண்டியில் கிளட்சை மிதித்துப் பார்த்தபோதே கழன்றது. விரல் இல்லாத இடம் வெறுமையாக மடங்கிக்கொண்டது.

வண்டியை விற்றுவிடலாம் என்றான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் இம்தியாஸ் கடைக்குப் போனாள். அவன் கம்பெனிகளுக்கு ஷூவுக்குள் காலடியில் வைக்கிற இன்சோல் செய்துகொடுப்பவன். அடுத்த தெருதான்.

கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் ஸ்பாஞ்சில் ஒன்று வெட்டி, ஷூவின் முன்பக்கத்தை நிரப்பினாள். நடக்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சாக்ஸில் ரத்தம்.

அவனுக்குத் தெரியவேயில்லை. துவைக்க எடுத்தவள்தான் பார்த்தாள்.

அழுவாள் என்று நினைத்தான். அவள் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டாள். அப்புறம் அந்த ஸ்பாஞ்சை எடுத்து நடுவில் இரண்டாக அறுத்தாள். எந்த இடத்தில் அமுங்கிப்போயிருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புண் ஆறக் காத்திருந்தாள்.

அளவு எடுக்கக் காலைக் காட்டு என்றாள். புண்ணுக்குக் காட்டியவன் இதற்குக் காட்டவில்லை. வீட்டில் எப்போதும் அதன்மேல் ஒரு துண்டு கிடக்கும். பெற்ற மகளுக்கே காட்டியதில்லை.

பிள்ளையார் செய்கிற களிமண்ணை ஒரு தட்டில் குழைத்துக் கொண்டுவந்தாள். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீ மிதி" என்றாள்.

மிதித்தான்.

அந்தக் குழியில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினாள். காய்ந்ததும் வெள்ளையாக ஒரு பாதம் வந்தது. அதை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். எலும்பு முட்டுகிற இடம். சதை வற்றின இடம். ஒவ்வொன்றிலும் விரல் நின்று நகர்ந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் மிஷின். இம்தியாஸ் கடையில் ஓரம் தேய்க்கிற சக்கரம். ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். முடியெல்லாம் ரப்பர் தூள். புருவத்தில் தூள். சக்கரம் அவள் நகத்தின் ஓரத்தைத் தின்றிருந்தது.

"கைய லேசா வைங்கக்கா. அழுத்தினா இழுத்துக்கும்" என்று இம்தியாஸ் கத்திக்கொண்டிருந்தான்.

கீழே கெட்டி ரப்பர். மேலே மெத்தென்று ஒன்று. மடங்காமல் இருக்க நடுவே ஒரு தகடு. தேய்ப்பாள், தடவுவாள், தேய்ப்பாள். சரி என்று இம்தியாஸ் சொன்னதையெல்லாம் கழித்துக் கூடையில் போட்டாள்.

"இதுல என்ன குறை?" என்று தேவேந்திரன் ஒன்றை எடுத்துக் கேட்டான்.

அவன் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தாள். அவனுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"இங்க மேடு" என்றாள்.

இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் அவன். இத்தனை வருஷம் இவள் விரல்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதவு திறந்து நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "என்ன தேவா, வண்டி கெளம்புதா?" என்று யாரோ சைக்கிளில் போகிறபோக்கில் கேட்டார்கள். இரண்டு பேருமே நிமிரவில்லை.

சிவப்பு இளஞ்சிவப்பானது.

அவள் குனிந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோனாள். அவள் மூச்சு பாதத்தில் பட்டிருக்க வேண்டும். அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி அழுத்தினாள். எடுத்தாள்.

தோல் தோலின் நிறத்தில் இருந்தது.

சாக்ஸைச் சுருக்கமில்லாமல் ஏற்றினாள். கூடைக்குப் போகாத அந்த ஒரே இன்சோல் இருந்த ஷூவை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினாள்.

"கெளம்பு மாமா."

வாலாஜாவில் தீவன மூட்டைகள் ஏற்ற வேண்டும். அவன் திரும்பி உட்கார்ந்து சாவியைப் போட்டான். அவள் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தான்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கையில் ஒரு பையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"கம்பெனிக்கு?"

"லீவு சொல்லிட்டேன். போற வழியில பள்ளிகொண்டால நிறுத்து. மறுபடி பாக்கணும்."

கிழக்கே போகிற ரோடு. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும்.

வண்டியை எடுப்பதற்கு முன், எட்டி, அவள் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கிவிட்டான்.