நாலு முழம் மல்லிகை

சுருளி ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவன் கையில் பூ இருந்தது.

வாழை இலையில் பொதிந்து நாரால் கட்டிய மல்லிகை. எப்படியும் நாலு முழம் தேறும்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்ற முனீஸ்வரிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பிள்ளை பெற்ற இந்த முப்பது நாளில் அவள் தலை பூவைக் கண்டதில்லை. பச்ச உடம்புக்காரிக்குப் பூ ஆகாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமியார் அன்னக்கொடி சொல்லிவிட்டாள். ஏன் ஆகாது என்று இவள் கேட்டுக்கொள்ளவில்லை. சளி பிடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். விவரம் சொல்வதற்குப் பெற்ற தாயும் உயிரோடு இல்லை. அதனால்தான் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதும் புகுந்த வீட்டில் என்று ஆனது.

அந்த முப்பது நாளும் அவள் முழுமூச்சாகச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அழுதாள்.

பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்து அழுதாள். பத்தியக் குழம்பில் உப்பு குறைந்ததற்கு அழுதாள். தெருவில் பிளாஸ்டிக் குடம் விற்க வந்தவன் ஒரு குடம்கூட விற்காமல் திரும்பிப் போனதற்கும் அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் அதற்குத் தனியாக ஒரு பாட்டம் அழுதாள்.

தெருவே வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனது. ஆண் பிள்ளை பெற்றவளுக்கு என்ன குறை என்று நியாயம் கேட்டது. பதில் தெரிந்தால் அவள் ஏன் அழப்போகிறாள்?

பிள்ளை மார்பில் வாய் வைத்திருக்கும்போது மட்டும் அவளுக்கு அழுகை வராது. அந்தக் கால்மணி நேரம் நெஞ்சில் இருக்கும் கல்லை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருக்கும். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அழுகிற நேரத்தைப் பார்க்கத்தான் வீட்டில் ஆள் இருந்தது.

சுருளி கெட்டவன் இல்லை. விடிவதற்குள் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவான். பொழுது சாய இறங்குவான். நாலு நாளைக்கு முன் தலையைச் சொறிந்துகொண்டு கட்டிலருகே வந்து நின்றான்.

"ஒனக்கு என்னதேன் வேணும் புள்ள?"

அவளுக்குத் தெரியவில்லை. அழுதாள். அதற்குப் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

இன்று கேட்காமலேயே பூ வாங்கி வந்திருக்கிறான்.

முனீஸ்வரி முகம் கழுவினாள். சிக்குப் பிடித்துக் கிடந்த தலையை வலிக்க வலிக்கச் சீவிப் பின்னினாள். கண்ணாடியில் பார்த்தபோது பழைய முனீஸ்வரியின் ஜாடை கொஞ்சம் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுப்படியில் அவன் தாயிடம் ஒரு பையைக் கொடுப்பது கேட்டது. பைக்குள் ஏதோ டப்பா மேடையில் இடித்தது. தனக்குச் சத்துமாவு வாங்கியிருப்பான் என்று நினைத்தாள். அதற்கும் கண் கலங்கப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அவனே வந்து வைத்துவிடட்டும் என்று கதவுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள். பின்னலை முதுகில் சரியாக எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வந்தது அன்னக்கொடி. ஒரு கையில் பூ. இன்னொரு கையில் பழைய வேட்டியிலிருந்து நீளமாகக் கிழித்த துணி.

"இப்பிடித் திரும்பு ஆத்தா. நைட்டிய எறக்கு."

தலைக்கு இல்லையா அத்தை என்று முனீஸ்வரி கேட்டாள்.

"தலைக்கு எதுக்கு? மாருல வச்சுக் கட்டுனா மூணு நாளுல பாலு வத்திரும். அழுகுறவ பாலு புள்ளைக்கு ஆகாதுத்தா. நேத்து எப்பிடிக் கக்குச்சு, பாத்தேல்ல? என் தலப்புள்ளைக்கு நான் அழுதுக்கிட்டேதேன் குடுத்தேன். நாப்பது நாளுகூட நிக்கல."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். தன் கண்ணீர்தான் தன் பிள்ளையைக் கொன்றது என்று முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருப்பவளிடம் என்ன சண்டை போடுவது?

"இனிமே அழுக மாட்டேன் அத்தே" என்றாள் முனீஸ்வரி. சொல்லும்போதே கண்ணீர் வழிந்து மடியில் விழுந்தது.

அன்னக்கொடி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு பூவைச் சுற்றத் தொடங்கினாள்.

அவரைக் கூப்பிடுங்கள் என்று முனீஸ்வரி கெஞ்சினாள்.

"அவனுக்குத் தெரியாமயா? அவந்தேன் நல்ல மொட்டாப் பாத்து வாங்கியாந்திருக்கான்."

வெளியே சுருளி ஈரத்துணியை உதறி ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்னக்கொடி வேட்டித் துணியை இறுக்கி, முதுகில் இரண்டு முடிச்சுப் போட்டாள். தொட்டிலில் சிணுங்கிய பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பிள்ளை பசியில் வீறிட்டு அழுதது. அது ஏன் அழுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கரண்டிக் காம்பால் பால் பவுடர் டப்பாவின் மூடியை நெம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் சத்தம் அடங்கியது.

முனீஸ்வரியின் மார்பில் பூ நனைந்துகொண்டிருந்தது.