தச்சர் வாங்கிய திட்டு

சீட்டில் மருந்தின் பெயரைப் பார்த்ததுமே மருந்துக் கடைக்காரர், எதிரே நின்ற தச்சரை முறைத்தார்.

"குடியை நிறுத்துற மாத்திரைதானே? டாக்டர் சொன்னபடி விடாம போடணும். நடுவுல நிறுத்திட்டுப் பழையபடி ஆரம்பிச்சுடக் கூடாது."

"சரிங்க," என்று தலையாட்டினார் தச்சர்.

"பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்க முகத்தைப் பாருங்க. எப்படி வாடிப் போயிருக்கு! கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?"

"தப்புதாங்க."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி சட்டென்று கையை நீட்டினாள்.

"அவரைத் திட்டாதீங்கண்ணே. அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல. குடிக்கிறது நான்தான். மாத்திரையை என்கிட்ட குடுங்க."

கடைக்காரர் மாத்திரை அட்டையை அவள் கையில் வைத்தார்.

டாக்டரிடம்கூட தச்சர்தான் அவளுக்காகப் பேச வேண்டியிருந்தது. அவள் தன் வாயால் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. தச்சருக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கி, கண் கலங்கச் சிரிப்பு வந்தது.