மணப்பாறை மழை

"கரூருன்னு சொன்னாவ. பேச்சு அப்படித் தெரியலையே?"

சேலை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து ராஜபார்ட் சண்முகராஜ் இப்படிக் கேட்டதும், பவுனு கையிலிருந்த மைக்குச்சி கன்னத்தில் கோடு இழுத்துவிட்டது.

"பொறந்து வளந்ததெல்லாம் கரூருதானுங்க" என்றாள். அந்த 'ங்க'வைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டோமோ என்று உடனே கவலை வந்தது.

சின்னமனூருக்குப் பக்கத்து ஊரில் கோயில் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம். இந்த நாடகத்தில் ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவாள். அரிதாரம் பூசும்போதுதான் எந்த ஊர், யாரிடம் படித்தது என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு மேடையேறி, ஏழு ஜென்மம் கூடவே வாழ்ந்தவர்கள் மாதிரி பாடிச் சண்டை போடுவார்கள். இன்றைக்கு நோட்டீஸில் இருந்த பேர்கள் சங்கரன்கோவில் சண்முகராஜ், கரூர் கிருபாவதி.

பவுனு கிருபாவதி இல்லை. அவள் இதே பக்கத்து ஆண்டிபட்டிக்காரி. கிருபாவதிக்குப் பெட்டி தூக்கி, சடை பின்னி, கூடவே கிடந்ததில் பாட்டெல்லாம் பாடமாகிவிட்டது. மேடை மட்டும் ஏறியதில்லை.

இந்தப் பருவத்தில் கிருபாவதி ஏற்கெனவே இரண்டு நாடகத்துக்குப் போகவில்லை. இதுவும் தவறினால் நடிகர் சங்கத்தில் பேரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பவுனு சாப்பிடுவதும் அதே அடுப்பில்தான். இந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றாக வந்த குரலில் கிருபாவதி சொல்லி அனுப்பினாள்: "சண்முகராஜ் பெரிய ஆளு. நீ தடுமாறுனா எடுத்துக் குடுப்பாரு, அவர நம்பித்தான் உன்ன அனுப்பறேன். ஆனா ஆள் மாறுனது தெரிஞ்சுதுன்னா மேடையேற மாட்டாரு."

அந்தப் பெரிய ஆள் இப்போது விடுவதாக இல்லை. எத்தனை வருஷமாக ஆடுகிறாள், எந்த வாத்தியாரிடம் பாட்டுப் படித்தாள், திருநெல்வேலிப் பக்கத்து ராஜபார்ட்டுகள் யார் யாரோடு ஆடியிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கிருபாவதியைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் பவுனு ஒப்பித்தாள். பேச்சை மாற்ற நினைத்து அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டால், ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு மறுபடியும் அவளிடமே வந்தார்.

"வெளிச்சமே இல்லியே இங்கன" என்று வாய் தவறி வந்துவிட்டது அவளுக்கு. கரூர்க்காரி எங்கே 'இங்கன' என்பாள்?

"கண்ணாடிய அங்கன ஆணியில மாட்டுங்க. வெளிச்சம் விழுகும்" என்றார்.

அங்கனவாம். தன்னைக் கேலி செய்கிறார் என்று பவுனுக்குப் புரிந்தது. மறைப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். அரிதாரத்துக்குள் முகம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வரைந்த மீசையை அழித்து அழித்துத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். மனிதர் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

வெளியே பபூன் பாட ஆரம்பித்துவிட்டான். அவன் முடித்தால் அடுத்து இவர்கள்தான்.

"நாம ரெண்டு பேரும் இதுக்கு முன்னால சேந்து ஆடியிருக்கோமா?"

இல்லை என்று சொல்லி, ஆடியிருந்தால் மாட்டிக்கொள்வாள். கிருபாவதி ஆடாத ஊரில்லை. பவுனு துணிந்து பொய்யை வீசினாள்.

"மறந்துட்டீங்ளா? மணப்பாறையிலதானுங்க. பாதி நாடகத்துல மழ புடிச்சுக்கிச்சே."

"ஆமா, ஆமா. பந்தலே சாஞ்சுபோச்சுல்லா" என்றார் அவர்.

பவுனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அந்த மழை அவள் இந்த நிமிஷம் இட்டுக்கட்டியது. அதில் இவர் பந்தலையும் சாய்த்துவிட்டார் என்றால் வலை விரிக்கிறார் என்றுதானே அர்த்தம்? எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். வாசல் முழுக்க ஊர்சனம் நின்றது.

பபூன் பாட்டு முடிந்தது. ஆர்மோனியக்காரர் ராஜபார்ட்டுக்குச் சுதி கொடுத்தார். சேலை மறைப்பு விலகியது. கிரீடமும் சரிகையுமாகச் சண்முகராஜ் அவள் முன்னால் வந்து நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று பவுனு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க கண்டுபிடிச்சிட்டீகன்னு தெரியும்."

கண்ணைத் திறந்தாள். ராஜபார்ட் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"அவுகளோட ஆடுன ஒங்களுக்கு ஆளத் தெரியாமலா இருக்கும்? நான் சண்முகராஜ் இல்லக்கா. அவுக தங்கச்சியக் கெட்டுனவன், பேரு பால்பாண்டி. இந்தப் பக்கந்தான், கம்பத்துல திராட்சத் தோட்டத்துக்குத் தண்ணி பாச்சுறேன். மச்சான் காலு ஒடிஞ்சு கெடக்காக. பாட்டெல்லாம் கேட்ட பழக்கந்தான், மேடையே ஏறுனதில்ல. கிருபாவதி பெரிய ஆளு, தடுமாறுனா எடுத்துக் குடுப்பாகன்னு ஒங்கள நம்பித்தான் அனுப்புனாக."

ஆர்மோனியம் மறுபடியும் கூப்பிட்டது. பவுனு கன்னத்து மைக்கோட்டை அழுத்தித் துடைத்தாள்.

"பயப்படாம வாங்க தம்பி. நானிருக்கறனுங்க" என்றாள், ஒரு பிசிறும் இல்லாத கரூர்ப் பேச்சில்.