சனிக்கிழமைப் படகு

பேட்டரி எப்போது மாற்றியது என்று படகு வாங்க வந்தவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தது போன வருஷமா, அதற்கும் முன்பா? தெரியாது.

அவளுடைய கணவர் சனிக்கிழமை தவறாமல் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் படகுத்துறைக்குத்தான் வந்தார். ஸ்பேனரும் உப்புத்தாளுமாக ஞாயிறு சாயங்காலம்வரை இங்கேயே கிடந்தார். "அந்தச் சக்களத்தியோடயே குடித்தனம் பண்ணுங்க" என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று. படகில் காலே வைக்க மாட்டேன் என்று ஒரு ரோஷம்.

இன்றுதான் முதன்முதலாக ஏறியிருக்கிறாள். அவர் போய்ச் சேர்ந்தபின், விற்றுத் தலைமுழுக.

அவள் முழிப்பதைப் பார்த்து வந்தவருக்கே பாவமாகிவிட்டது. கேட்பதை நிறுத்திவிட்டுத் தானே துழாவத் தொடங்கினார்.

"என்னங்க இது கூத்து? வேகம் கூட்டுற லீவர் வலப்பக்கம்ல இருக்கும். அதைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டியிருக்காரே மனுஷன்!"

லீவர் மட்டுமில்லை. விளக்கு, ஹாரன், தண்ணீர் இறைக்கும் பம்ப், எல்லாச் சுவிட்சும் புதிதாக இடப்பக்கம் வந்திருந்தன. ஸ்டியரிங் வளையத்தில் பிடித்துச் சுழற்ற ஒரு குமிழ். கயிறுகளில் முடிச்சுக்குப் பதில் கொக்கி. நங்கூரத்தை மேலே இழுக்க மோட்டார். கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

திருகாணி ஒன்றுகூட நேராக இல்லை. அவர் கைவேலையில் கோணலை அவள் பார்த்ததே கிடையாது.

வந்தவரோடு கூட வந்திருந்த அவர் மனைவி ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது கை தானாகப் போய் லீவரைப் பிடித்தது.

"நீங்க சும்மா இருங்க. எனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

"இவ பீச்சாங்கைக்காரி" என்றார் அவர். "ஒரு கத்தரிக்கோல் வாங்கறதுக்கு ஊரெல்லாம் சுத்த வைப்பா."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இவள் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரரும் நம்ம கட்சிதானாக்கா? இடது கையா?"

அன்றொரு நாள் வீட்டில் கணவரின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தபோது, "கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?" என்று இவள்தான் கேட்டாள். பொத்தான் வைத்த சட்டைகளை அவர் மடித்து வைத்துவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினார். இந்த வயசில் மைனர் வேஷம் எதற்கு என்றாள். சாப்பிட ஸ்பூன் கேட்டார். "துரை வந்துட்டார்" என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார்: தலைக்குள் இவ்வளவு பெரிய கட்டி, ஒரு வருஷமாவது வளர்ந்திருக்கும், வலது கை தளர்ந்ததை வீட்டில் யாருமே பார்க்கவில்லையா?

கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாமலா போகும் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்றுமே இல்லை, நன்றாகத்தான் இருந்தார் என்று அடித்துச் சொன்னாள்.

படகு லேசாக ஆடியது. அந்தப் பெண் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் அவள். "சின்ன வயசுலேர்ந்தே."