கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பூ

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

செருப்போடு நடந்தால் சத்தம் கீழே கேட்கும். கீழே 304-ஆம் வீடு. நாச்சிமுத்து அண்ணன் இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கோயம்புத்தூரின் ஏப்ரல் மதியம். மொட்டை மாடித் தளம் கொதித்தது. அவள் கையில் கண்ணுக்கு மை தீட்டும் மெல்லிய பிரஷ். வாங்கி ஏழு வருடமாகிறது. ஒரு நாளும் கண் பக்கம் போனதில்லை, பூக்களுக்குள்தான் போயிருக்கிறது.

கோடு, அடுக்ககச் சங்கம் போட்டது. மாடியைச் சரிபாதியாகப் பிரித்துப் பெயின்ட் அடித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கியது. 302-இல் இருக்கும் அவள் 304-இன் தொட்டிகளைத் தொடக் கூடாது. அவர் இவளுடையதைத் தொடக் கூடாது. நாட்டு எல்லைக்குக்கூட இவ்வளவு பெயின்ட் செலவாகியிருக்காது.

காரணம் தண்ணீர்.

இரண்டு வருடத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போனாள். இருபது நாள். செடிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவரும் பார்த்துக்கொண்டார். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. பாவம், வெயிலில் வாடுகிறதே என்று.

திரும்பி வந்தபோது பதினொரு கள்ளிகள் அழுகிக் கூழாகியிருந்தன.

சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். செடியைக் கொன்றவர் என்றாள். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அன்றோடு பேச்சு நின்றது.

பிழைத்தவற்றில் ஒன்று நட்சத்திரக் கள்ளி. முள்ளே இல்லாத, பச்சை உருண்டை. விதையிலிருந்து அவளே வளர்த்தது. அதன் பூவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் மகரந்தம் தனக்கு ஆகாது. இன்னொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அதற்கென்றே ஜோடியாக வளர்த்த மற்றொன்று, அந்தப் பதினொன்றோடு போய்விட்டது. அதையும் கூட்டத்தில் சொல்லித்தான் அழுதாள்.

இரண்டு கோடைகளாகப் பூத்தது. வெறுமனே உதிர்ந்தது.

இந்தக் கோடையில் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நட்சத்திரக் கள்ளி பூத்தது.

நேற்று மதியம் விரிந்தது. அவளுடையதும் நேற்றுதான். நாளைக்கு இரண்டும் வாடிவிடும். விதை வேண்டுமென்றால் இன்றுதான்.

கேட்டிருக்கலாம். கேட்க வாய் வர வேண்டுமே.

உள்ளதைச் சொன்னால், விதைக்காக மட்டும் அவள் தாண்டவில்லை. வாளி வாளியாக ஊற்றிய மனுஷன் கையில் இது எப்படிப் பூத்தது? ஆறு மாதத்துக்கு முன் அந்தத் தொட்டி வந்த நாளிலிருந்து, இந்தப் பக்கம் நின்றே எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம்.

மண்டியிட்டாள்.

முதலில் மண்ணைப் பார்த்தாள். செங்கல் பொடி, கரித்துண்டு, ஆற்று மணல். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். அடிவரை உலர்ந்திருந்தது.

தொட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் தேதிகள் எழுதப்பட்டிருந்தன.

தண்ணீர் ஊற்றிய தேதிகள்.

கடைசியாக ஊற்றிப் பதினெட்டு நாளாகிறது. அதற்கு முன் இருபது நாள் இடைவெளி. மார்கழியிலும் தையிலும் ஒரு சொட்டு இல்லை.

அவள் அந்தத் தேதிகளை இரண்டு முறை படித்தாள்.

இன்னொன்றும் விளங்கவில்லை. அவர் பக்கத்தில் இதைவிட நல்ல வெயில் விழும் இடம் எவ்வளவோ இருந்தது. மற்ற தொட்டிகளெல்லாம் அங்கேதான் இருந்தன. இது மட்டும் ஏன் கோட்டை ஒட்டி?

நேரமாகிறது. பிரஷைப் பூவுக்குள் விட்டுச் சுழற்றினாள். மஞ்சள் தூள் நிறைய ஒட்டியது.

எடுக்கும்போதுதான் பூவின் அடியில் சிவப்பு நூலைப் பார்த்தாள்.

இந்தப் பூவுக்கு மகரந்தம் வைத்தாயிற்று என்று அடையாளத்துக்குச் செடிக்காரர்கள் கட்டும் நூல். அதன் நுனியில் பட்டாணி அளவுக்கு மடித்த ஒரு சீட்டு.

பிரித்தாள்.

நேற்றைய தேதி. கீழே குண்டு குண்டான எழுத்தில்: மகரந்தம், 302.

நேற்று மதியம் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

திரும்பித் தன் பூவைப் பார்த்தாள். கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அதையும் அடக்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் மாடிக் கதவு திறந்தது.

நாச்சிமுத்து அண்ணன். கழுவிய கை இன்னும் ஈரமாக இருந்தது. அவளைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். விரித்த சீட்டைப் பார்த்தார்.

மாட்டிக்கொண்டவள் அவள். பயந்தது அவர்.

கதவுப் பிடியை விடாமல் அப்படியே நின்றார். திட்டு வாங்கத் தயாராக நிற்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சீட்டை இருந்தபடியே மடித்தாள். தொண்டையைச் செருமினாள். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"ஏனுங்கண்ணா, நூலை இத்தன இறுக்கமாவா கட்டறது? காய் பெருக்கறதுக்கு எடம் வேண்டாமுங்களா?"